பவுலினுக்கு ஒத்துக்கொள்ளாத வாசனை

மர்ஃபி டவுன் மாதா கோயில் பாடகர் மாடத்தில் பவுலினுக்கென்று ஓர் இடம் இருந்தது. மரப்படி ஏறி முடிகிற இடத்துக்கு நேரே, கீபோர்டுக்கு வலப்பக்கம், கம்பிக் கிராதியை ஒட்டி. அங்கே நின்றால் பீடமும் தெரியும், பூசைக்கு யார் தாமதமாக வருகிறார்கள் என்பதும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் அங்கேதான் நின்று பாடினாள். மகள் டீனாவைப் பெற்றெடுக்கப் போன மாதங்களில்கூட அந்த இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை இப்போதும் சந்தர்ப்பம் கிடைத்தால் சொல்லிக்காட்டுவாள்.

வயது நாற்பத்தாறு. கோல்ஸ் ரோட்டில் ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். வாயைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைத்து, பேர் கேட்டு, டோக்கன் கொடுத்து, அடுத்த வாரம் எப்போது வரவேண்டும் என்று சொல்லி அனுப்புகிற வேலை. அந்தக் கிளினிக்கின் கிராம்புத் தைல நெடி அவள் புடவையில் ஏறி, தலைமுடியில் ஏறி, தோலோடு ஒட்டிப்போயிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் குழந்தைகள் ஊசி ஞாபகம் வந்தோ என்னவோ அம்மா மடிக்கு நகர்ந்துவிடும். கணவர் கிளாரன்ஸ் மின்சாரக் கம்பெனி பெஸ்காமில் லைன்மேன். அதிகம் பேசமாட்டார். ஒரே மகள் டீனா பி.காம். இரண்டாம் வருடம். அம்மாவிடம் பேசுவதைவிட போனிடம் பேசுவது அதிகம்.

இப்படியிருந்த வாழ்க்கையில் பாட்டு ஒன்றுதான் பவுலினின் சொத்து. செப்டம்பரில் மாதா திருவிழா வரும். ஆயர் வந்து நிறைவேற்றும் காலைப் பூசையில் முதல் வாசகத்துக்குப் பிறகு வரும் பதிலுரைப் பாடலைத் தனிக்குரலில் பாடுவது அவள்தான். அன்றைக்கு ஒரு நாள் கோயில் முழுக்கத் தலையைத் திருப்பி மாடத்தை அண்ணாந்து பார்க்கும். அந்த ஒரு பார்வைக்காகவே அவள் வருஷம் முழுக்க வெந்நீர் குடித்தாள், ஐஸ்கிரீமைத் தொடவில்லை.

ஈஸ்டர் கழிந்த ஒரு சனிக்கிழமை மாலை, பயிற்சிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது, படியில் ஆள் ஏறிவரும் சத்தத்துக்கு முன்னால் வாசனை ஏறிவந்தது. இங்கே சுகந்தராஜா என்று சொல்லும் சம்பங்கிப் பூ மாதிரி இருந்தது. ஆனால் ரஸல் மார்க்கெட்டில் கட்டுக்கட்டாய்க் கிடக்கும் சுகந்தராஜா இல்லை. அந்தப் பூவை யாரோ நல்ல வீட்டில் வைத்து, நல்ல பால் கொடுத்து வளர்த்த மாதிரி. அடியில் மல்லிகை, அதற்கும் அடியில் பேர் தெரியாத ஏதோ ஒன்று வெதுவெதுப்பாக. மாடத்தில் இருந்த ஒன்பது பேரும் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்கள். அதற்குப் பிறகுதான் லீனா வந்தாள்.

கறுப்பாக, கொஞ்சம் பருமனாக, நாற்பதைத் தொடுகிற வயதில் ஒரு பெண். அழகு என்று எதையும் தனியாக எடுத்துச் சொல்ல முடியாது. மஸ்கட்டில் நர்ஸாக இருந்துவிட்டு இப்போது ஹெப்பாள் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள், அல்சூரில் அம்மாவோடு இருக்கிறாள் என்று குழுவை நடத்தும் ஜெயராஜ் மாஸ்டர் அறிமுகப்படுத்தினார். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று ஆல்டோ குரலில் பாடும் வனஜா மேரி வழக்கம்போல் கேட்டுவைத்தாள். அவர் அங்கேயே வேறொருத்தியோடு இருக்கிறார் என்று, பஸ் நம்பர் சொல்வது போல லீனா சொல்லிவிட்டாள். கேட்டவளுக்குத்தான் முகம் சுருங்கியது.

பிறகு அவள் நேராகப் பவுலினிடம் வந்து, "நீங்கதானே பவுலின் அக்கா? உங்க பக்கத்துல நின்னுக்கறேன். எனக்கு நோட்ஸ் எல்லாம் மறந்தே போச்சு, உங்களப் புடிச்சிக்கிட்டுதான் பாடணும்" என்றாள். பவுலின் அரை அடி நகர்ந்து இடம் கொடுத்தாள். கொடுக்காமல் இருக்க என்ன காரணம் சொல்வது?

அன்று முதல் அந்த வாசனை அவள் பக்கத்திலேயே நின்றது.

பெண்கள் எல்லோரும் அது என்ன செண்ட் என்று கேட்டார்கள். லீனா பெயரைச் சொன்னாள். பிரெஞ்சுப் பெயர், ஒருத்திக்கும் நாக்கில் திரும்பவில்லை. மஸ்கட்டில் கடைசி மாதச் சம்பளம் வாங்கிய அன்று, ஊருக்குப் போகும்போது தனக்கென்று ஏதாவது கொண்டுபோகலாமென்று வாங்கியதாம். விலையை வனஜா போனில் தேடிப் பார்த்துவிட்டு, போனை அடுத்தவளிடம் காட்டினாள். போன் சுற்றிச் சுற்றிப் பவுலினிடமும் வந்தது. அதைக் கொடுத்து வாங்கவேண்டுமானால் கிளினிக்கில் பாதி மாதம் எத்தனை பேருக்குப் பல்வலி வரவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

பொறாமைக்கு ஒரு நியாயம் வேண்டாமா? இங்கே அதற்கு இடமே இல்லை. பவுலினுக்குக் கணவர் இருந்தார், மகள் இருந்தாள், சொந்தமாக இரண்டு ரூம் வீடு இருந்தது. லீனாவுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆனால் லீனா எல்லாம் இருக்கிறவள் மாதிரி வந்தாள், போனாள். நாற்காலி அடுக்கும் வெங்கடசாமியிடம் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பவுலினுக்கு அவருடைய முழங்காலில் கோளாறு இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். யாரும் சிரிக்காத ஜெயராஜ் மாஸ்டரின் ஜோக்குக்கு அவள் சிரித்தாள், நடிப்பில்லாமல். வாசனையும் அவளும் ஒரே மாதிரி: உள்ளே வரலாமா என்று கேட்பதில்லை, வந்த பிறகு போகச் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை.

"சாவு வீட்டு மால வாசனை" என்று ஒருநாள் படியிறங்கும்போது வனஜாவின் காதில் பவுலின் சொன்னாள். வனஜா, "இருக்கலாம், ஆனா நல்ல பணக்காரச் சாவு" என்றாள். பவுலினுக்கு அதில் பங்குகொண்டு சிரிக்க முடியவில்லை.

ஏனென்றால் அவளுக்கு அந்த வாசனை பிடித்திருந்தது. சனிக்கிழமைக்காக அவள் காத்திருக்கத் தொடங்கியிருந்தாள். அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. தனக்குப் பிடித்த ஒன்று தனக்குப் பிடிக்காதவளின் கழுத்தில் இருந்தது. அந்தப் பாட்டிலை மட்டும் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன நிற்கும்? புருஷன் விட்டுப்போன ஒரு குண்டுப் பெண் நிற்பாள், அவ்வளவுதான். இப்படித்தான் அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, திருவிழாவுக்கு யார் யார் எதைப் பாடுவது என்று ஜெயராஜ் மாஸ்டர் பிரித்துச் சொன்னார். பதிலுரைப் பாடலுக்கு லீனாவின் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு, பவுலின் பக்கம் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தபடியே, "எத்தன வருஷமா நீயே சுமக்கற பவுலின், இந்த வருஷம் ஒரு ரெஸ்ட்" என்றார். அவள் ரெஸ்ட் கேட்கவேயில்லை. சரி மாஸ்டர் என்றாள். பக்கத்தில் வாசனை அசைந்தது. லீனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பவுலின் குனிந்து அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய பாட்டுப் புத்தகக் கட்டை இழுத்தாள். தூசி பறந்தது. இருமல் வந்தது. உண்மையான இருமல்தான், ஆனால் நிற்கவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அது எதனால் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

வனஜா தண்ணீர் கொடுத்தபடி, "செண்ட்டா பவுலின்? ஒத்துக்கலயா?" என்று கேட்டாள்.

பவுலின் தலையாட்டினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. வாய்விட்டுப் பொய் சொல்லவில்லை. மற்றதெல்லாம் மற்றவர்கள் செய்தார்கள். ஒருத்தி தன் நாத்தனாருக்கும் இப்படித்தான் மூச்சு வாங்கும் என்றாள். மாஸ்டர் ஜன்னலைத் திறந்தார். வீட்டுக்குப் போய்ச் சேருமுன் குழுவின் வாட்ஸ்அப்பில் அவருடைய செய்தி வந்திருந்தது: நம் சகோதரி ஒருவரின் உடல்நலம் கருதி மாடத்துக்கு வருகிறவர்கள் யாரும் செண்ட், பாடி ஸ்ப்ரே போடவேண்டாம், தலையில் மல்லிகைப் பூவும் வேண்டாம்.

கீழே முதல் பதில் லீனாவுடையது. கும்பிடும் கைகள் இரண்டு. மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

பவுலின் அந்தச் செய்தியைப் பலமுறை படித்தாள். ஜெயித்துவிட்டதாகத்தான் தோன்றியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை லீனா வீட்டுக்கே வந்து நின்றாள், நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போக. செண்ட் இல்லை. சோப்பு போட்டுக் குளித்த வாசனை மட்டும். இன்ஹேலர் வைத்திருக்கிறீர்களா, ராத்திரியில் இருமுகிறதா, படியேறினால் எப்படி என்று நர்ஸ் கேட்கும் கேள்விகளைக் கேட்டாள். பவுலின் ஒவ்வொன்றுக்கும் பாதிப் பாதியாகப் பதில் சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தால், அறையைவிட்டு வெளியே வராத டீனா லீனாவின் பக்கத்தில் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். தனக்கு பி.காம். பிடிக்கவில்லை, சவுண்ட் இன்ஜினியரிங் படிக்க ஆசை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பவுலின் இதை முதல் தடவையாகக் கேட்கிறாள். டீ தட்டோடு கதவோரமே நின்றுவிட்டாள். லீனா புத்திமதி ஏதும் சொல்லவில்லை. அந்தப் படிப்பில் என்னவெல்லாம் சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல.

அவள் போன பிறகு டீனா, "சூப்பர் ஆண்டிம்மா" என்றாள். பவுலின் டீ கிளாஸ்களை அலம்பியபோது ஒன்று கைதவறி உடைந்தது.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் மாடத்தில் தூசி வாசனையும் மெழுகு வாசனையும் மட்டும் இருந்தன. பவுலின் எதிர்பார்த்தபடி ஒன்றும் நடக்கவில்லை. வாசனை இல்லாத லீனாவுக்கும் வெங்கடசாமி படியேறும்போது வணக்கம் வைத்தார். வாசனை இல்லாத லீனாவைச் சுற்றியும் பெண்கள் நின்றார்கள். மல்லிகைப் பூ வைக்க முடியாமல் போன கோபமெல்லாம் பவுலின் மேல்தான் திரும்பியது. நேரில் யாரும் சொல்லவில்லை, ஆனால் வனஜா பயிற்சிக்கு வருமுன் கீழே நின்று பூவைக் கழற்றிப் பைக்குள் வைக்கும்போது மாடத்தை ஒரு முறை பார்ப்பாள். பாட்டிலைப் பிடுங்கியாயிற்று. ஆள் அப்படியே நின்றாள். அப்படியானால் அது பாட்டிலில் இருந்ததில்லை. இந்த முடிவுக்கு வருவதைப் பவுலின் வாரக்கணக்கில் தள்ளிப்போட்டாள்.

இதற்கிடையில் அந்த வாசனை இல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை.

முதலில் கிளினிக்கில் மதியம் ஆளில்லாத நேரத்தில் போனில் அதைப் பற்றிப் படித்தாள். இந்தப் பூவாசனை யாருக்கு என்று நீளமாக எழுதியிருந்தார்கள். தன்னைத் தானே அறிந்தவள், பிறர் பார்வைக்காகக் காத்திராதவள், அன்பை அள்ளிக் கொடுப்பவள். பவுலின் ஒவ்வொன்றையும் தன்னோடு வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பொருந்தவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, கிளினிக் டாக்டர் வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டு மெட்ரோ ஏறினாள். பக்கத்தில் இருக்கிற மால்களில் கோயில் ஆட்கள் யாராவது கண்ணில் படுவார்கள். அதனால் வைட்ஃபீல்ட் வரைக்கும் போனாள்.

மாலில் அந்தக் கவுண்டர் பளிங்கும் பித்தளையுமாக இருந்தது. அங்கே நின்ற பெண் கன்னடத்தில் பேசினாள். டெஸ்டரை எடுத்துப் பவுலினின் மணிக்கட்டில் ஒரு முறை அடித்துவிட்டு, பாடம் ஒப்பிப்பது போல, இது உள்ளே நுழைந்தாலே எல்லோரும் திரும்பிப் பார்க்கும் பெண்ணுக்கான செண்ட் மேடம் என்றாள். பவுலின் கேட்டாள்: போட்டுக்கொண்டால் அப்படி ஆகிவிடுவார்களா, அப்படி இருக்கிறவர்கள்தான் போடவேண்டுமா? அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவளுடைய டிரெயினிங்கில் இந்தக் கேள்விக்குப் பதில் கொடுத்திருக்கவில்லை.

வீடு வரும்வரை மெட்ரோவில் பவுலின் முந்தானையைச் சரிசெய்வது போல மணிக்கட்டை மூக்குக்குக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தாள். கிராம்பு நெடி போன இடம் தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. அது வாசனைக்காக இல்லாமல் இருக்கலாம்; ஆனாலும் சிரித்தது. இறங்கும்போது முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருந்ததாக அவளுக்கே தெரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து டீனா ஓடிவந்தாள். அறைக்குள் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "லீனா ஆண்டி வந்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றாள் பவுலின். குழாயடிக்குப் போய் சோப்பு போட்டுக் கையைத் தேய்த்தாள். நல்ல செண்ட், லேசில் போகவில்லை. இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போதும் பரிமாறுகிற கை லீனாவின் கைதான்.

இதோடு அவள் விட்டிருக்கலாம். விடவில்லை. வாசனையைப் போட்டுக்கொண்டு தன் வீட்டில் இன்னொருத்தியின் பெயரைக் கேட்பதைவிட அவமானம் கிடையாது என்று ஏழெட்டு நாள் சொல்லிக்கொண்டாள். பிறகு மறுபடியும் மெட்ரோ ஏறினாள். இந்தத் தடவை வாசனை மங்கும்வரை மாலிலேயே சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள். அதுவே பழக்கமாயிற்று. கவுண்டர் பெண் அவளைப் பார்த்ததுமே டெஸ்டரை எடுத்து நீட்டுவாள், எதுவும் கேட்காமல்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை பவுலின் அந்தக் கவுண்டரில் கண்ணை மூடி மணிக்கட்டை மூக்கில் வைத்தபடி நின்றிருந்தாள். "பவுலின் அக்கா" என்று பக்கத்தில் குரல் கேட்டது.

கூட வேலை பார்க்கும் பெண்ணின் கல்யாணத்துக்குப் பரிசு வாங்க லீனா அங்கே வந்திருந்தாள். கையில் ஏதோ கடைப் பை. பவுலினுக்குக் கை இறங்கவில்லை. மூக்குக்கு அருகிலேயே நின்றுவிட்டது. இருமிப் பார்க்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். லீனா அவள் கையைப் பிடித்தாள், நாடி பார்க்கிற நர்ஸின் பிடி. தன் முகத்துக்குக் கொண்டுபோய் முகர்ந்தாள்.

"உங்க மேல பூ அடக்கமா வருதுக்கா" என்றாள். "என் மேல கத்தும். இதுதான் நல்லாயிருக்கு."

கவுண்டர் பெண் சந்தோஷப்பட்டு, பேக் பண்ணட்டுமா மேடம் என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இருவரும் மாடியில் ஓரமாக ஒரு மேஜையில் போய் உட்கார்ந்தார்கள். லீனாதான் காபி வாங்கிவந்தாள். ஆஸ்பத்திரியைப் பற்றி, அம்மாவின் சுகரைப் பற்றி, மழையைப் பற்றி எல்லாம் பேசினாள். மணிக்கட்டைப் பற்றிப் பேசவில்லை. தான் சொன்னால்தான் உண்டு என்று பவுலினுக்குப் புரிந்தது. இப்போதெல்லாம் கொஞ்சம் பரவாயில்லை, டாக்டர் புது மருந்து கொடுத்தார் என்றாள். நல்லதுக்கா என்றாள் லீனா. அதற்குமேல் பவுலினால் தாங்க முடியவில்லை.

"எல்லார்கிட்டயும் சொல்லப் போறியா?"

"என்னன்னு சொல்றது?"

"எனக்கு மூச்சும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு."

லீனா காபிக் கப்பின் மூடியைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "அது எனக்கு மொதல்லயே தெரியும்க்கா. பன்னெண்டு வருஷமா நெஞ்சு வார்டுல இருக்கேன். வாசன ஒத்துக்காதவங்க வெலகி வெலகிப் போவாங்க. நீங்க ஒவ்வொரு பாட்டுக்கும் என் பக்கமாத்தான் சாஞ்சீங்க."

பவுலினுக்கு மாலின் அத்தனை விளக்கும் தன் முகத்தில் விழுவது போல இருந்தது. "அப்புறம் ஏன் செண்ட்ட விட்ட?" என்று கேட்டாள். கேட்ட குரலில் கோபம்தான் இருந்தது.

"நான் வந்தது உங்களுக்குப் புடிக்கல. பாட்ட என்னால விட்டுத்தர முடியாதுக்கா, எனக்கும் அதுல ஆசைதான். செண்ட்டோட உங்க கோவம் தீந்துடும்னா போகட்டும்னு நெனச்சேன். ஒரு பாட்டில்தானே."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பவுலினுக்கு நன்றி வரவில்லை. வெட்கம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பழைய பொறாமை, முன்னைவிடப் பெரிதாக. இதுவரை வாசனைக்காகப் பொறாமைப்பட்டாள், பாட்டுக்காகப் பட்டாள், டீனாவுக்காகப் பட்டாள். இப்போது இவ்வளவு லேசாக ஒன்றைத் தூக்கிக் கொடுக்க ஒருத்தியால் முடிகிறதே என்பதற்காக. தான் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கவுண்டரில் நிற்கிறவளைப் போட்டோ எடுத்து, மெட்ரோ ஏறுவதற்குள் குழுவில் போட்டிருப்பாள்.

அடுத்த மூன்று நாட்கள் வாட்ஸ்அப் மணி அடிக்கும்போதெல்லாம் செய்கிற வேலையை விட்டுவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தாள். லீனா யாரிடமும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்தால் இவளும் நம்மைப் போல்தான் என்று நிம்மதியாக இருக்கலாமே என்று பவுலின் ஏங்கிய நேரமும் உண்டு. புதன்கிழமை கிளினிக்கிலிருந்தே ஜெயராஜ் மாஸ்டருக்கு போன் போட்டாள். டெஸ்ட் எடுத்துப் பார்த்தேன் மாஸ்டர், தூசிதான் ஆகாதாம், செண்ட்டும் பூவும் ஒன்றும் செய்யாதாம் என்றாள். ஒரு பொய்யை எடுக்க இன்னொரு பொய். மாஸ்டர் ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அலமாரியைச் சுத்தம் செய்யச் சொல்கிறேன் என்றார்.

சனிக்கிழமை வனஜா இரண்டு முழம் மல்லிகையோடு படியேறினாள். லீனா மட்டும் சோப்பு வாசனையோடு வந்தாள். பவுலினுக்கு அதுவும் பொறுக்கவில்லை. பயிற்சி முடிந்து இறங்கும்போது, "திருவிழாவுக்குப் போட்டுட்டு வா" என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். லீனா சரி என்றாள்.

திருவிழாவன்று கோயில் வாசல் வரைக்கும் ஆள் நின்றது. மாடத்தில் பவுலின் தன் இடத்தில், பக்கத்தில் லீனா, இருவருக்கும் நடுவில் அந்தச் சுகந்தராஜா. முதல் வாசகம் முடிந்தது. மாஸ்டர் விரலைத் தூக்கினார். லீனா ஓர் அடி முன்னால் வந்து கிராதியைப் பிடித்துக்கொண்டு பாடினாள். கீழே தலைகள் திரும்பின. கோயில் முழுக்க அண்ணாந்து பார்த்தது. அத்தனை முகங்களும் வேறொருத்தியைப் பார்ப்பதை மேலிருந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று பவுலினுக்கு அன்றுவரை தெரியாது.

தப்பு வரும் என்று காத்திருந்தாள். இரண்டாவது சரணத்தில் ஒரு வார்த்தையின் நடுவே லீனா மூச்சு வாங்கினாள். அது தப்புதான். பவுலினைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு ஒரு நொடி இனித்தது. மறுநொடியே, இதை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்கலாம், அந்த இடத்தில் மூச்சை எங்கே ஒளித்துவைப்பது என்பது தனக்குத் தெரியும், கேட்டிருந்தால் சொல்லியிருப்போமா என்ற யோசனை வந்தது. சொல்லியிருக்க மாட்டோம் என்றுதான் பட்டது. பல்லவி வந்தபோது மற்றவர்களோடு சேர்ந்து பாடினாள். ஒழுங்காகத்தான் பாடினாள்.

பூசை முடிந்து கீழே இறங்கியதும் லீனாவைச் சுற்றிக் கூட்டம். டீனா அதற்குள் நுழைந்து, மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு என்று அவளைப் பிடித்துக்கொண்டாள். லீனா தயங்கிப் பவுலினைப் பார்த்தாள். வீட்டில் தன் அம்மா தனியாக இருப்பாள் என்றாள். டீனாவும் பவுலினைப் பார்த்தாள். அந்தக் கேள்வி தன்னிடம் விடப்பட்டிருக்கிறது என்பதைப் பவுலின் உணர்ந்தாள்.

"அம்மாவையும் கூட்டிட்டு வா" என்றாள். "பன்னிக் கறி செஞ்சிருக்கேன், நெறைய இருக்கு."

வந்தார்கள். இரண்டு ரூம் வீடு வாசனையால் நிறைந்தது. லீனாவின் அம்மா பல்லுக்குச் சிரமமில்லாமல் கறி வெந்திருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். கிளாரன்ஸ் என்ன நினைத்துக்கொண்டாரோ, டிரான்ஸ்ஃபார்மர் மேல் பாம்பு ஏறிக் கருகிக் கிடந்த கதையை ஆரம்பித்தார். பவுலின் அந்தக் கதையை இருபது வருஷத்தில் கேட்டதில்லை. லீனா சாப்பாட்டை மறந்து கேட்டாள், பாம்பு என்ன பாம்பு, கரெண்ட் எத்தனை வீட்டுக்குப் போனது என்று இடையிடையே விசாரித்தாள். கிளாரன்ஸ் கையைக் காயவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தார். நின்றபடி பரிமாறிக்கொண்டிருந்த பவுலினுக்கு எரிந்தது. எரிந்துகொண்டே சட்டியில் துழாவி, நல்ல கொழுப்பும் கறியுமாக இருந்த துண்டை எடுத்து லீனாவின் தட்டில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கைகழுவிவிட்டு வந்த லீனா போனை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். இந்தக் கறி எப்படிச் செய்வது என்று சொல்லுங்கள் அக்கா, எழுதிக்கொள்கிறேன் என்றாள். கழுத்திலிருந்து வாசனை வந்தது, காலையில் இருந்ததைவிடத் தணிந்து, கறி மணத்தோடு கலந்து. பவுலின் கைப்பிடித் துணியை மடித்து வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். மிளகாயை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, பூண்டு எத்தனை, இஞ்சி எத்தனை, வினிகர் எப்போது ஊற்றுவது, தீயை எந்த இடத்தில் குறைப்பது. லீனா ஒன்றுவிடாமல் தட்டிக்கொண்டாள்.

முந்தின இரவே வினிகரில் ஊறப்போட்டு அரைக்கும் கடுகை மட்டும் பவுலின் சொல்லவில்லை.